உதைக்கும் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ்: ஷிஃப்ட் கிட்டை நானே இரண்டு தடவை போட்ட கதை

முதல் கியரிலிருந்து இரண்டாவதுக்கு மாறும்போதெல்லாம் பின்னாலிருந்து யாரோ வந்து முட்டியதுபோல ஓர் உதை. என் பழைய நான்கு கியர் ஆட்டோமேட்டிக் வண்டி ஆறு மாதம் இப்படித்தான் ஓடியது. பட்டறையில் கேட்டால் முழு கியர்பாக்ஸையும் இறக்கவேண்டும் என்றார்கள். இறக்கவில்லை. கியர் மாறும் விதத்தை மாற்ற கியர்பாக்ஸுக்குள் போடும் உதிரிபாகத் தொகுப்பான ஷிஃப்ட் கிட்டை வாங்கி நானே போட்டேன். ஒரு தடவையில் முடிந்திருக்கவேண்டிய வேலை இரண்டு தடவையானது. அந்த இரண்டாவது தடவை உங்களுக்கு வரக்கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

ஒன்றைத் தெளிவாக்கிவிடுகிறேன். ஷிஃப்ட் கிட் உதையைக் குறைப்பதற்காகப் பிறந்த பொருள் அல்ல. கிளட்ச் தட்டுகள் வழுக்கித் தேயாமல் சட்டென்று பிடிக்கவைப்பதுதான் அதன் வேலை. அப்புறம் உதைக்கிற வண்டிக்கு அது எதற்கு? கிட்டோடு வரும் அக்யுமுலேட்டர் பிஸ்டனுக்கும் ஸ்பிரிங்குகளுக்கும்தான். கிளட்சுக்குப் போகும் ஆயிலில் கொஞ்சத்தைத் தான் வாங்கிக்கொண்டு மெத்தைபோல அமுங்குவது அக்யுமுலேட்டர். பிஸ்டன் சிக்கிக்கொண்டாலோ ஸ்பிரிங் உடைந்தாலோ மெத்தை போய்விடும், அழுத்தம் ஒரேயடியாக ஏறும், வண்டி உதைக்கும்.

கிட் வாங்குவதற்கு முன்

ஆயில் அளவையும் வகையையும் பாருங்கள். அடுத்து ஸ்கேனர் போட்டு பிழைக் குறியீடு இருக்கிறதா என்று பாருங்கள். கணினி கட்டுப்படுத்தும் பல கியர்பாக்ஸ்களில், ஆயில் அழுத்தத்தை ஆளும் சொலினாய்டுக்கு (மின்சாரத்தில் இயங்கும் வால்வு) மின்சாரம் நின்றால் அழுத்தம் உச்சத்துக்குப் போகும்படிதான் வடிவமைத்திருக்கிறார்கள். கிளட்ச் எரியாமல் இருக்க அது ஒரு பாதுகாப்பு. அறுந்த ஒயரால் வரும் உதையை எந்தக் கிட்டும் சரிசெய்யாது. இன்னும் பழைய வண்டியென்றால் த்ராட்டில் கேபிளையும் வேக்வம் குழாயையும் பாருங்கள். குழாயில் விரிசல் இருந்தால், எஞ்சின் பாரம் இழுக்கிறது என்று கியர்பாக்ஸ் ஏமாந்து அழுத்தத்தைக் கூட்டிவிடும். எஞ்சின் மவுண்ட், யுனிவர்சல் ஜாயின்ட் ஆட்டங்கூட உதைபோலத் தெரியும். இதெல்லாம் சரியாக இருந்தால் மட்டும் மேலே போங்கள்.

படி 1: ஆயில் பேனை இறக்குதல்

வண்டியை ஸ்டாண்டில் நிறுத்துங்கள், ஜாக்கை மட்டும் நம்பி அடியில் படுக்கவேண்டாம். பேனுக்குள் இருக்கும் காந்தத்தில் சாம்பல் நிறக் குழைவு கொஞ்சம் ஒட்டியிருந்தால் பயமில்லை. உலோகச் சில்லுகள் கிடந்தாலோ ஆயில் கறுத்துக் கருகிய வாடை அடித்தாலோ மூடிவிடுங்கள். அது கிட் தீர்க்கிற நோய் இல்லை.

படி 2: ஃபில்டரும் ஒயர்களும்

ஃபில்டரைக் கழற்றி, ஒயர் கனெக்டர்களை விடுவியுங்கள். பல வருடம் சூட்டில் வெந்த பிளாஸ்டிக், இழுத்தால் உடையும். கழற்றுமுன் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

படி 3: வால்வு பாடி. இங்கேதான் நான் மாட்டினேன்

எந்தக் கிளட்சுக்கு எப்போது ஆயில் போகவேண்டும் என்று பிரித்துவிடும் பாகம்தான் வால்வு பாடி. அதன் போல்ட்டுகள் எல்லாம் ஒரே நீளம் இல்லை. ஓர் அட்டையில் வால்வு பாடியின் உருவத்தை வரைந்து, கழற்றக் கழற்ற அந்தந்த இடத்திலேயே குத்தி வையுங்கள்.

வால்வு பாடிக்கு மேலே துளைகள் நிறைந்த ஓர் உலோகத் தகடு இருக்கும், செப்பரேட்டர் பிளேட். அதன் இரு பக்கமும் உள்ள கால்வாய்களில் செக் பால்கள் என்னும் சின்னச் சின்ன உருண்டைகள் சும்மா உட்கார்ந்திருக்கும். தகட்டை வால்வு பாடியோடு சேர்த்து அழுத்திப் பிடித்தபடி, சாய்க்காமல் இறக்கவேண்டும். நான் பிடிக்கவில்லை. கடைசி போல்ட் வந்ததும் மழைபோல ஆயில் கொட்டியது, அதோடு உருண்டைகளும். ஆறு கிடைத்தது. ஆறுதான் போலிருக்கிறது என்று நானே முடிவு செய்து மாட்டிவிட்டேன்.

ஓட்டிப் பார்த்தால் இரண்டாவது கியரில் இருந்த உதை ரிவர்ஸுக்குக் குடிபெயர்ந்திருந்தது! ஆயிலைச் சிறு துளை வழியாக மெதுவாகப் போகவைக்க, பெரிய வழியை அடைத்து நிற்பதுதான் அந்த உருண்டையின் வேலை. அது இல்லாவிட்டால் ஆயில் நேராகப் பாய்ந்து கிளட்சை அறையும். ஏழாவது உருண்டை, வடித்த ஆயில் தொட்டியின் அடியில் நிம்மதியாகக் கிடந்தது.

ஆகவே உங்கள் மாடலுக்கான செக் பால் வரைபடத்தை முதலில் கையில் வைத்துக்கொண்டு வேலையைத் தொடங்குங்கள். சில கியர்பாக்ஸ்களில் ஒன்றிரண்டு உருண்டை மேலே கியர்பாக்ஸ் கூட்டுக்குள்ளேயே இருக்கும், சிலவற்றில் அளவும் வேறுபடும். திரும்ப மாட்டும்போது வாசலின் தடவி ஒட்டவையுங்கள், சூட்டில் உருகி ஆயிலோடு கலந்துவிடும். சாதாரண கிரீஸ் வேண்டவே வேண்டாம், அது கட்டியாக நின்று துளைகளை அடைக்கும்.

படி 4: பிஸ்டன், ஸ்பிரிங்

பழைய பிஸ்டன் எந்தப் பக்கம் பார்த்து இருந்ததோ அதே பக்கம் புதியதும். என்னுடையதில் ஸ்பிரிங் இரண்டாக உடைந்திருந்தது. அதைப் பார்த்தபோது வந்த சந்தோஷம் கொஞ்சநஞ்சமல்ல. கெட்டியான பிரஷர் ரெகுலேட்டர் ஸ்பிரிங்கும் கிட்டில் வரும். அது பந்தய ஆசைக்காரர்களுக்கு, நான் போடவில்லை.

படி 5: தகட்டில் துளை

பல கிட்களில் தகட்டுத் துளையைப் பெரிதாக்கச் சொல்வார்கள். உதையைக் குறைக்க வந்த நமக்கு அது தேவையில்லை என்பது என் கட்சி. துளை பெரிதானால் ஆயில் வேகமாகப் போகும், பிடி இன்னும் கடுமையாகும். போட்ட துளையைத் திரும்பச் சின்னதாக்கவும் முடியாது.

படி 6: மாட்டுதல்

என் வால்வு பாடி போல்ட்டுக்கு 11 நியூட்டன் மீட்டர்தான். கை சும்மா இறுக்கினாலே அதைத் தாண்டிவிடும். வீல் நட்டுக்கு வைத்திருக்கும் பெரிய டார்க் ரெஞ்ச் இந்த அளவில் சரியாகக் காட்டாது. இஞ்ச்-பவுண்டில் அளக்கும் சின்ன ரெஞ்ச் ஒன்று வாங்குங்கள், இந்த வேலையில் நான் காசு செலவழித்ததில் வருந்தாத ஒரே பொருள் அது. அதிகம் இறுக்கினால் வால்வு பாடி நெளிந்து உள்ளே வால்வு சிக்கும், எந்த நோய்க்கு மருந்து கொடுத்தோமோ அதே நோய் திரும்ப வரும்.

படி 7: ஆயில்

உற்பத்தியாளர் சொன்ன வகை மட்டும். கொஞ்சம் குறைவாக ஊற்றி, எஞ்சினை ஓடவிட்டு, ஒவ்வொரு கியராகப் போட்டு எடுத்து, சூடான பிறகு கையேடு சொல்கிறபடி அளவு பார்த்து நிரப்புங்கள்.

பின்சேர்க்கை: படி 5-ஐ மீறி ஒரு வாசகர் துளை போட்டிருக்கிறார். கிட் சொன்னது 0.093 அங்குலம். கையில் இருந்தது 2.5 மில்லிமீட்டர் ட்ரில் பிட், கிட்டத்தட்ட சமம்தானே என்று அதிலேயே துளைத்துவிட்டார். 0.093 அங்குலம் என்பது 2.36 மில்லிமீட்டர். விட்டத்தில் சின்ன வித்தியாசம்தான், ஆனால் துளையின் பரப்பு 12 சதவீதம் கூடிவிடுகிறது. புதுத் தகடு வாங்கச் சொன்னேன்.

இன்னொன்று: எல்லாம் சரியாக மாட்டியும் முதல் சில நாள் கியர் தாறுமாறாக மாறுகிறது என்று இருவர் எழுதியிருந்தார்கள். உடைந்த ஸ்பிரிங்கோடு ஓடிய காலத்தில் கணினி கற்றுவைத்த அழுத்த அளவுகள் இன்னும் அதன் நினைவில் இருக்கும். ஸ்கேனரில் அதை அழித்துவிட்டு, மெதுவாக எல்லாக் கியரும் மாறும்படி ஓட்டுங்கள். உதைக்கிற சிவிடி (படிப்படியான கியர் இல்லாத ஆட்டோமேட்டிக்) வண்டிக்கு எந்தக் கிட் வாங்கலாம் என்று கேட்டவருக்கு: வாங்காதீர்கள். அதில் மாறுவதற்கு கியரே இல்லை, பெல்ட்தான். அந்த உதைக்குக் காரணம் வேறெங்கோ இருக்கிறது.