அணிலை விட்டுவிட்டுத் தனிமையை எழுதாதீர்கள்

குறுந்தொகையின் 41ஆம் பாட்டை எழுதியவரின் இயற்பெயர் நமக்குத் தெரியாது. ஆட்கள் போய்விட்ட வீட்டு முற்றத்தில் அணில் விளையாடுவதை ‘அணிலாடு முன்றில்’ என்று அவர் எழுதினார். அந்தச் சொற்களே அவருக்குப் பெயராகி, அணிலாடு முன்றிலார் ஆனார். தலைவன் பிரிந்த நாளில் அந்த வீடு போல ஆகிவிடுகிறேன் என்கிறாள் தலைவி.

புதிதாக எழுதுகிறவர்கள் அணிலைத்தான் முதலில் விடுகிறார்கள். ‘வெறுமையின் மௌனத்தில் உன் நினைவுகளின் வலி’ என்று எழுதினால் யாருடைய வலி, எந்த வீடு, ஒன்றும் தெரியாது. அதையே இப்படிச் சொல்லிப் பாருங்கள்:

நீ போனபின்
பாலை அரை லிட்டராகக் குறைத்தேன்.
பால்காரர் ஏனென்று கேட்கவில்லை.

பெரிய கவிதை இல்லைதான். ஆனால் நாளைக்கும் அந்தப் பால் நினைவில் இருக்கும். அரை லிட்டர், பால்காரர் எல்லாம் கவிதைக்கு ஆகாத சொற்கள் என்று நினைப்பதும் ஒரு தவறு. பேச்சுச் சொல்லை வைத்தே கவிஞர் ஞானக்கூத்தன் எவ்வளவு கேலி செய்திருக்கிறார்!

அப்புறம், கடைசி வரி. மேலே உள்ளதில் ‘இதுதான் பிரிவு’ என்று நாலாவது வரி சேர்க்கக் கை துடிக்கும். சேர்க்காதீர்கள். கவிஞர் நகுலனின் ராமச்சந்திரன் கவிதையில், ‘ராமச்சந்திரனா’ என்று ஒருவர் கேட்கிறார், மற்றவர் ‘ராமச்சந்திரன்’ என்கிறார். எந்த ராமச்சந்திரன் என்று இவர் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. அதோடு முடிந்தது. மனிதர்கள் ஒருவருக்கொருவர் அந்நியர்கள் என்று விளக்கம் வைத்திருந்தால் இன்று அதை யார் சொல்லித் திரியப்போகிறார்கள்?

வரியை உடைப்பதிலும் ஏமாறுகிறோம். ஒரு வாக்கியத்தை ஐந்தாக மடித்துப் போட்டால் கவிதை ஆகிவிடாது. மறுபடி ஒரே வரியாக எழுதிப் பாருங்கள். எதுவும் குறையவில்லை என்றால் அது உரைநடைதான், அப்படியே விடலாம். புதுக்கவிதையின் முன்னோடி ந. பிச்சமூர்த்தி யாப்பின் கட்டுப்பாட்டை விட்டாரே தவிர ஓசையை விடவில்லை. 1959இல் சி.சு. செல்லப்பா தொடங்கிய ‘எழுத்து’ இதழில் அவர் எழுதியவற்றை வாய்விட்டுப் படித்தால் இது புரியும்.

உங்களுடையதையும் அப்படிப் படியுங்கள். நாக்கு தடுக்கும் இடத்தில் பெரும்பாலும் ‘நினைவுகளின் நிழலின் ஈரத்தின்’ என்று இரண்டு ‘இன்’ கூடுதலாக உட்கார்ந்திருக்கும்.