தட்டுவடை செட்: மூன்று ஞாயிற்றுக்கிழமைகளில் கை பழக ஒரு வழி

சேலத்தில் சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல் எந்தப் பேட்டைக்குள் நுழைந்தாலும் ஒரு தட்டுவடை செட் வண்டி நிற்கும். உள்ளங்கைக்குள் அடங்கும் இரண்டு தட்டுவடை (அரிசி மாவில் தட்டி எண்ணெயில் சுட்ட சின்னத் தட்டை), நடுவே துருவிய கேரட், பீட்ரூட், பொடியாக நறுக்கிய வெங்காயம், ஒரு பச்சைச் சட்னி, ஒரு சிவப்புச் சட்னி. ஒரே வாயில் போட வேண்டும். கடித்துச் சாப்பிட்டால் பாதி சட்டையில்தான் விழும்.

செய்முறையில் ரகசியம் ஏதும் இல்லை. தட்டுவடை முழுக்கக் காய்ந்தது, காயும் சட்னியும் ஈரமானவை. இந்த இரண்டையும் வாய்க்குப் போகிற கடைசி நிமிடம் வரை சேரவிடாமல் வைத்திருப்பதில்தான் தொழில் இருக்கிறது. வீட்டில் செய்து சொதப்புகிறவர்கள் பெரும்பாலும் இங்கேதான் சறுக்குகிறார்கள். பத்துப் பேருக்கு, தலைக்கு ஐந்து செட் என்று ஒரு சாயங்காலம் வீட்டில் போட வேண்டும் என்பதை இலக்காக வைத்துக்கொள்ளுங்கள். அதை மூன்று ஞாயிறுகளாகப் பிரித்துக்கொண்டால் சுமை தெரியாது.

முதல் ஞாயிறு: சாப்பிட்டுப் பார்ப்பது

அம்மாப்பேட்டை, குகை, செவ்வாய்ப்பேட்டை, பொன்னம்மாப்பேட்டை என எந்தப் பக்கம் போனாலும் சரி. மூன்று வண்டி போதும், வண்டிக்கு ஒரு தட்டு. நாலாவது வண்டிக்குப் போகும்போது நாக்கு மரத்திருக்கும், ருசியை எடை போட முடியாது. காரம் குறைவான வண்டியில் தொடங்கி, சிவப்புச் சட்னி கண்ணைக் கலங்க வைக்கும் வண்டியைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். இடையில் தண்ணீர் குடிப்பதால் பயனில்லை. மிளகாய்க் காரம் தண்ணீரில் கரையாது, மோர்தான் அதை அடக்கும்.

ஐந்திலிருந்து ஆறரைக்குள் போவது நல்லது. சட்னி புதிதாக இருக்கும், கடைக்காரருக்கும் பேச நேரம் இருக்கும். "அண்ணா, வெறும் தட்டுவடை ஒண்ணு குடுங்க" என்று முதலில் கேட்டு வாங்கி உடைத்துப் பாருங்கள். நல்ல தட்டுவடை சத்தத்தோடு உடையும், விரலில் எண்ணெய் ஒட்டாது. அழுத்தினால் வளைந்தால் அது பழசு, அல்லது சரியாக வேகாதது.

பிறகு அவர் கையைக் கவனியுங்கள். எந்தச் சட்னி கீழே போகிறது, எது மேலே? கரண்டியில் எடுத்த சட்னி சொட்டுகிறதா, திரண்டு நிற்கிறதா? காயில் உப்பு முன்பே கலந்திருக்கிறதா? ஒரு தட்டை அடுக்க எவ்வளவு நேரம் ஆகிறது? கூட்டம் சீராக நகரும் வண்டியில் சட்னிப் பாத்திரம் சின்னதாக இருக்கும், அடிக்கடி நிரப்புவார்கள். பெரிய பாத்திரத்தில் மணிக்கணக்காகத் திறந்து கிடக்கும் சட்னியைத் தவிர்த்துவிடலாம்.

பூண்டு செட், மாங்காய் செட், முறுக்கு செட் என்று வகை நிறைய உண்டு. முதல் நாள் சாதா செட்டோடு நிறுத்துங்கள். மயோனைஸ் பிழிந்து தருகிற வண்டிகளும் வந்துவிட்டன. பிள்ளைகளுக்குப் பிடிக்கலாம், ஆனால் அந்தக் கொழுப்பு பூண்டையும் கொத்தமல்லியையும் மூடிவிடுகிறது. கற்றுக்கொள்ள அது உதவாது.

இரண்டாவது ஞாயிறு: தட்டுவடை கடையில், மற்றது வீட்டில்

செட்டுக்கென்றே அளவான சின்னத் தட்டுவடை சேலத்தில் பாக்கெட்டாகக் கிடைக்கிறது. அதை வாங்கி, சட்னியையும் அடுக்குவதையும் மட்டும் இந்த வாரம் பழகுங்கள். தீபாவளிக்குச் சுடுகிற பெரிய தட்டை இதற்குச் சரிவராது. கடலைப்பருப்பு துருத்திக்கொண்டிருக்கும், ஒரே வாயில் போகாது.

காய்க்கு உழவர் சந்தை வசதி. சூரமங்கலம், அஸ்தம்பட்டி, அம்மாப்பேட்டை, தாதகாப்பட்டி ஆகிய இடங்களில் இருக்கிறது. காலையிலேயே போனால்தான் நல்லதைப் பொறுக்க முடியும். மிளகாய், பொட்டுக்கடலை, அரிசி மாவுக்குச் செவ்வாய்ப்பேட்டை லீ பஜார் இருக்கிறது. ஆனால் அது மொத்த வியாபாரம் நடக்கும் இடம். கால் கிலோ மிளகாய்க்காக அங்கே போய் லாரிக்கும் மூட்டைக்கும் நடுவே நிற்பதைவிடத் தெருமுனை மளிகைக் கடையே மேல். மாதாமாதம் செய்யப்போகிறோம் என்று உறுதியான பிறகு போகலாம்.

ஐம்பது செட்டுக்கு கேரட் 200 கிராம், பீட்ரூட் 150 கிராம், பெரிய வெங்காயம் 200 கிராம் வேண்டும். கேரட்டில் தடித்ததை விடுங்கள், நடுத்தண்டு மரம்போல இருக்கும். துருவியின் சிறிய கண்ணில் துருவுங்கள். பீட்ரூட்டை மட்டும் துருவியதும் கையால் லேசாகப் பிழிந்து தனிக் கிண்ணத்தில் வையுங்கள். முன்கூட்டியே கலந்தால் சாயம் இறங்கி, கேரட்டும் வெங்காயமும் ஒரே நிறமாகிவிடும். வெங்காயத்தைப் பொடியாக நறுக்கி, காரமாக இருந்தால் குளிர்ந்த தண்ணீரில் அலசித் துணியில் பரப்பி ஒற்றி எடுங்கள். வெங்காய விலை ஏறும் மாதங்களில் சில வண்டிகளில் முட்டைக்கோஸ் எட்டிப் பார்க்கும். வீட்டில் அந்தச் சிக்கனம் வேண்டாம்.

உப்பைக் காயில் இப்போதே போடக் கூடாது. உப்பு பட்டதும் காயிலிருந்து தண்ணீர் வெளியேறத் தொடங்கும், பத்து நிமிடத்தில் கிண்ணத்தின் அடியில் சாறு நிற்கும். அந்தச் சாறு தட்டுவடையில் இறங்கினால் எவ்வளவு நல்ல தட்டுவடையும் நமுத்துப்போகும். அடுக்குவதற்குச் சற்று முன், அந்த ஒரு தட்டுக்கான காயில் மட்டும் உப்பும் இரண்டு சொட்டு எலுமிச்சைச் சாறும் சேர்த்தால் போதும்.

சிவப்புச் சட்னிக்கு காஷ்மீரி மிளகாய் 8, குண்டு மிளகாய் 4, தக்காளி 2, பூண்டு 10 பல். காஷ்மீரி நிறத்துக்கு, குண்டு காரத்துக்கு. மிளகாயை விதை தட்டி, தக்காளியோடு பத்து நிமிடம் வேகவைத்து, ஆறியதும் பூண்டு, சுண்டைக்காய் அளவு புளி, முக்கால் டீஸ்பூன் உப்பு சேர்த்து மைய அரையுங்கள். மிளகாய்த் தோல் திப்பி திப்பியாக நின்றால் வடிகட்டிவிடலாம். பிறகு ஒரு மேசைக்கரண்டி எண்ணெயில் ஊற்றிச் சிறு தீயில் கிளறுங்கள். கரண்டியைச் சாய்த்தால் சொட்டாமல் சரிந்து இறங்கும் பதம் வரும்வரை விடக் கூடாது. பச்சையாக அரைத்து அப்படியே வைப்பவர்களும் உண்டு. வண்டியில் அது செல்லும், ஏனென்றால் கைக்கு வேகம் உண்டு. பழகாத கைக்கு வதக்கிச் சுண்டவைத்ததுதான் பாதுகாப்பு.

பச்சைச் சட்னிக்கு கொத்தமல்லி ஒரு கட்டு, புதினா இருபத்தைந்து இலை, பச்சை மிளகாய் 4, இஞ்சி அரை அங்குலம், பொட்டுக்கடலை ஒன்றரை மேசைக்கரண்டி, அரை மூடி எலுமிச்சைச் சாறு, உப்பு. பொட்டுக்கடலை ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். அது இல்லாவிட்டால் சட்னி அரை மணி நேரத்தில் தண்ணீர் வேறு, இலை வேறாகப் பிரியும். இலையைக் கழுவியபின் நன்றாக உதறுங்கள். அரைக்க ஐஸ் தண்ணீர் மூன்று அல்லது நான்கு மேசைக்கரண்டி. மிக்ஸியை விட்டு விட்டு ஓட்டுங்கள். ஜார் சூடானால் பச்சை கறுக்கும். புதினாவை ஆசைக்கு அள்ளிப் போட்டால் கசக்கும்.

அடுக்கும் முறை: ஐந்து தட்டுவடையை வரிசையாக வையுங்கள். ஒவ்வொன்றிலும் அரை டீஸ்பூன் பச்சைச் சட்னியை நடுவில் வைத்து, விளிம்பில் அரை சென்டிமீட்டர் விட்டுப் பரப்புங்கள். அதன்மேல் வெங்காயம், கேரட், கடைசியாகப் பீட்ரூட், மொத்தம் பத்து கிராம் அளவு. மூடப்போகும் தட்டுவடையின் உள்பக்கம் அரை டீஸ்பூன் சிவப்புச் சட்னி தடவிக் கவிழ்த்து, லேசாக அழுத்துங்கள். ஒரு தட்டு முடிந்ததும் கொடுத்துவிட வேண்டும். பத்துத் தட்டையும் அடுக்கிவிட்டு எல்லாரையும் கூப்பிடலாம் என்று நினைத்தால் முதல் தட்டு நமுத்திருக்கும். வந்தவர்கள் அடுக்குபவரைச் சுற்றி நிற்கட்டும், வண்டியிலும் அப்படித்தானே சாப்பிடுகிறோம்.

மூன்றாவது ஞாயிறு: தட்டுவடை சுடுவது

நூறு தட்டுவடைக்கு அரிசி மாவு 350 கிராம், பொட்டுக்கடலை மாவு 50 கிராம், வறுத்து அரைத்துச் சலித்த உளுந்து மாவு 25 கிராம், வெண்ணெய் 30 கிராம், மிளகாய்த்தூள் ஒன்றரை டீஸ்பூன், பெருங்காயம் அரை டீஸ்பூன், உப்பு ஒன்றரை டீஸ்பூன், பொடியாகக் கிள்ளிய கறிவேப்பிலை. மாவில் முதலில் வெண்ணெயைப் பிசிறுங்கள். பிடித்தால் கொழுக்கட்டையாக நிற்க வேண்டும், தட்டினால் உதிர வேண்டும். பிறகு தண்ணீரைத் தெளித்துத் தெளித்துப் பிசையுங்கள். ஏறக்குறைய 200 மி.லி. பிடிக்கும், கடை இடியாப்ப மாவு வறுத்தது என்பதால் இன்னும் கொஞ்சம் கேட்கும். மொத்த மாவையும் ஒரே தடவையில் பிசைந்து வைக்க வேண்டாம். பாதியைப் பிசைந்து சுட்டு முடித்தபின் மீதிக்குத் தண்ணீர் விடுங்கள். காத்திருக்கும் மாவு காய்ந்து, தட்டும்போது ஓரம் வெடிக்கும்.

ஆறு கிராம் உருண்டைகளாக உருட்டிக்கொள்ளுங்கள். சமையல் தராசு இருந்தால் முதல் ஐந்தை மட்டும் நிறுத்துப் பார்த்தால் போதும், கைக்கு அளவு பிடிபட்டுவிடும். எண்ணெய் தடவிய இரண்டு பிளாஸ்டிக் தாளுக்கு நடுவே வைத்து, அடி தட்டையான டபராவால் அழுத்தினால் ஐந்து சென்டிமீட்டர் அகலத்தில், இரண்டரை மில்லிமீட்டர் கனத்தில் வட்டம் வரும். பூரி அழுத்தும் கட்டை இருந்தால் வேலை இன்னும் சுருக்கு. முள்கரண்டியால் ஐந்தாறு இடத்தில் குத்துங்கள். குத்தாமல் விட்டால் உள்ளே கிளம்பும் ஆவி வெளியேற வழியில்லாமல் பூரியாக உப்பிவிடும். உப்பிய தட்டுவடையில் சட்னி நிற்காது.

அகலமான வாணலியில் அரை லிட்டர் கடலெண்ணெய். ஒரு துளி மாவைப் போட்டால் அடியில் போய் மெதுவாக மேலே வர வேண்டும், சுமார் 165 டிகிரி செல்சியஸ். ஒரு ஈட்டுக்கு ஏழெட்டு போதும். மூன்றரை முதல் நான்கு நிமிடம் ஆகும், ஆனால் கடிகாரத்தைவிடக் காதை நம்புங்கள். சலசலப்பு என்பது மாவிலுள்ள தண்ணீர் ஆவியாகும் சத்தம். அது அடங்கி, குமிழ் ஓய்ந்ததும் எடுத்துவிடுங்கள். சத்தம் இருக்கும்போதே நிறத்தைப் பார்த்து எடுத்தால், சூடாக இருக்கும்வரை மொறுமொறு, ஆறியதும் நடுவில் மெத்து. எண்ணெய் அதிகம் காய்ந்திருந்தாலும் இதேதான் நடக்கும்: வெளியே சிவந்துவிடும், உள்ளே ஈரம் தங்கிவிடும்.

எடுத்ததைக் கம்பி வலையிலோ சல்லடையிலோ ஒற்றை அடுக்காகப் பரப்புங்கள். சூட்டோடு ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் கிளம்புகிற ஆவியை அடுத்தது குடித்துவிடும். ஒரு மணி நேரம் முழுதாக ஆறியபின் டப்பாவில் அடைத்தால் பத்து நாள் தாங்கும்.

தட்டுவடை எண்ணெய் குடித்தால் வெண்ணெய் கூடிவிட்டது, அல்லது எண்ணெய் காயவில்லை. எண்ணெயில் பிரிந்து கரைந்தாலும் முதலில் வெண்ணெயைத்தான் சந்தேகிக்க வேண்டும். அடுத்த ஈட்டுக்கு இரண்டு ஸ்பூன் அரிசி மாவு சேர்த்துப் பாருங்கள். கல்லாக இருந்தால் வெண்ணெய் குறைவு, அல்லது தட்டியது தடிமன். டப் என்று வெடித்தால் உளுந்து மாவில் குருணை இருக்கிறது, சலிக்கவில்லை.

சேலம் ஜவ்வரிசிக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. தட்டைக்கு ஜவ்வரிசி சேர்க்கிற வழக்கமும் இங்கே பல வீடுகளில் உண்டு. செட்டுக்கு அது வேண்டாம். நடுவரை ஊறாத மணி எண்ணெயில் தெறிக்கும், ஊறியது மேற்பரப்பை மேடு பள்ளமாக்கும். சேர்த்தே ஆக வேண்டும் என்றால் பொடித்துச் சலித்து இரண்டு டீஸ்பூன் போடுங்கள்.

மீந்ததும் உடைந்ததும்

பச்சைச் சட்னி பிரிட்ஜில் ஒரு நாள்தான். சிவப்பு மூன்று நாள் இருக்கும். நறுக்கிய காயை வைத்துக்கொள்ள வேண்டாம்.

நூறு தட்டுவடையில் பத்துப் பதினைந்து உடையத்தான் செய்யும். அவை நொறுக்கலுக்கு, அதாவது உடைசலைக் காயோடும் சட்னியோடும் புரட்டித் தருவதற்கு. ஒரு தட்டுக்கு எட்டுத் தட்டுவடை அளவு உடைசலை எடுத்து, இரண்டு சென்டிமீட்டர் துண்டுகளாகவே வைத்துக்கொள்ளுங்கள். தூளாக்கினால் சட்னி பட்டதும் களியாகிவிடும். அகலமான கிண்ணத்தில் முதலில் ஒரு கைப்பிடி காய், இரண்டு சட்னியிலும் ஒவ்வொரு டீஸ்பூன், உப்பு, எலுமிச்சைச் சாறு எல்லாவற்றையும் கலந்துவிட்டு, கடைசியில் உடைசலைப் போட்டு நாலு புரட்டுப் புரட்டி உடனே தட்டில் கொட்டுங்கள். முட்டை நொறுக்கல் வேண்டுமென்றால், தண்ணீர் கொதித்த பிறகு பத்து நிமிடம் வேகவைத்த முட்டை ஒன்றை நறுக்கி, மிளகுத்தூள் தூவி, புரட்டி முடித்தபின் மேலே சேருங்கள். சேர்த்துப் புரட்டினால் மஞ்சள் கரு உதிர்ந்து எல்லாத் துண்டிலும் மாவாக ஒட்டும்.