சோளக் கொல்லையில் அகன்ற இலைக் களையா?

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் தோட்டத்து ஓரமாக இனிப்புச் சோளம் போட்டிருப்பவர்களுக்கு ஒரு குறிப்பு. முள்ளுக்கீரை, பருப்புக்கீரை மாதிரி அகன்ற இலைக் களைகளுக்கு அட்ரசின் என்ற களைக்கொல்லி நன்றாகவே கேட்கும். விதைத்ததும், களை தலைகாட்டும் முன், ஈர மண்ணில் அடியுங்கள். காய்ந்த மண்ணில் அடித்தால் காசுதான் வீண். கோரைக்கு இது எடுபடாது. அடுத்து அதே நிலத்தில் பயற்றங்காய் போடும் எண்ணமிருந்தால் அட்ரசின் வேண்டாம். மண்ணில் தங்கி, முளைப்பதைக் கருக்கிவிடும்.

களை வளர்ந்த பிறகு சிலர் 2,4-டி என்ற களைக்கொல்லியை அடிக்கிறார்கள். இனிப்புச் சோளத்துக்கு நான் அதைச் சொல்லமாட்டேன். தண்டு முறியும், தாங்குவேர் கோணிக்கொள்ளும். காற்றில் பறந்தால் பக்கத்து வீட்டு மிளகாயும் கத்தரியும் சுருண்டுவிடும், அப்புறம் யார் பதில் சொல்வது? அதற்குச் சாங்குல் (மண்வெட்டி) எடுத்துக் கொத்துவதே மேல்.

சரி, செம்பனைக்கு கிளைபோசேட் களைக்கொல்லி அடித்த பம்பையே சோளத்துக்கும் எடுப்பீர்களா? முதலில் நன்றாகக் கழுவுங்கள். மிச்சம் பட்டால் சோளமும் சேர்ந்து கருகும். பாராகுவாட் என்ற களைக்கொல்லிக்கு 2020 முதல் நாட்டில் தடை, பழைய டப்பா கிடந்தாலும் தொடாதீர்கள். அளவுக்குக் களைக்கொல்லியின் லேபிளைப் பாருங்கள், அதில் ‘ஜாகுங்’ (jagung, மலாயில் சோளம்) என்று இருக்கவேண்டும்.