எலிக்குட்டியின் விந்தகம்: முதலில் நாள்களை எண்ணுங்கள்

முதல் வருடம் நான் அடித்த கூத்தைச் சொல்லிவிடுகிறேன். ஹார்மோனைத் தடுக்கும் மருந்து கொடுத்த 22 நாள் எலிக்குட்டியின் ஸ்லைடில் ஒரு விந்தணுகூட இல்லை. "மருந்து பிடித்துவிட்டது!" என்று வழிகாட்டியிடம் ஓடினேன். அவர் பேசாமல், மருந்தே கொடுக்காத குட்டியின் ஸ்லைடை எடுத்து வைத்தார். அதிலும் இல்லை. 22 நாளில் எங்கிருந்து வரும்?

அதனால் முதல் வேலை நாள் கணக்கு. பிறந்த நாளை 0 என்கிறீர்களா, 1 என்கிறீர்களா? நோட்டில் எழுதிவிடுங்கள். தாய்க்கு 8 குட்டி போதும். 14 குட்டி முட்டிமோதிப் பால் குடித்தால் எல்லாமே நோஞ்சானாகி எடைக் கணக்கு கெட்டுவிடும். (நெறிமுறைக் குழு அனுமதி கையில் இருக்கிறது என்று வைத்துக்கொள்கிறேன்.)

அப்புறம் திசு. ஃபார்மலின் வேண்டாம், விந்துக்குழல்கள் (விந்தணு உருவாகும் நுண்குழல்கள்) சுருங்கிப்போகும். பௌவின் திரவத்தில் (திசுவைக் கெடாமல் பதப்படுத்தும் மஞ்சள் கலவை) ஓர் இரவு வைத்து, மஞ்சள் இறங்கும்வரை 70 சதவீத ஆல்கஹாலை மாற்றிக்கொண்டே இருங்கள். 5 மைக்ரானில் வெட்டி பி.ஏ.எஸ். சாயம் (சர்க்கரைப் பொருள்களை இளஞ்சிவப்பாக்கும் சாயம்) ஏற்றினால், உருண்டை ஸ்பெர்மாட்டிட்டின் (விந்தணுவாக மாறப்போகும் இளம் செல்) மேல் ஆக்ரோசோம் என்ற பை இளஞ்சிவப்புத் தொப்பியாய் உட்கார்ந்திருக்கும்.

இப்போது குழலுக்குள் மிக முதிர்ந்த செல் எது என்று தேடுங்கள். மருந்து படாத எலியில் 20ஆம் நாள் வாக்கில் பேக்கிட்டீன் நிலை ஸ்பெர்மட்டோசைட் (ஸ்பெர்மாட்டிட்டுக்கு முந்தைய, பாதியாகப் பிரியத் தயாராகும் செல்), 26 வாக்கில் உருண்டை ஸ்பெர்மாட்டிட், 45 வாக்கில்தான் முழு விந்தணு.

விந்தகம் சிறிது, ஆனால் உள்ளே எல்லா செல்லும் இருக்கிறதா? எப்.எஸ்.எச். (பிட்யூட்டரி சுரப்பியின் ஹார்மோன்) மேல் சந்தேகப்படுங்கள். அதன் தூண்டுதலில் செர்டோலி செல்கள் (குழலுக்குள் விந்துச் செல்களை வளர்க்கும் செவிலிச் செல்கள்) பெருகுவது ஏறக்குறைய முதல் 3 வாரம் மட்டுமே. ஒரு செர்டோலி இத்தனை செல்லைத்தான் வளர்க்கும்; அப்போது விட்ட எண்ணிக்கையை வளர்ந்த பிறகு பிடிக்க முடியாது. உருண்டை ஸ்பெர்மாட்டிட் வந்தும், வயதாகியும் நீளவில்லையா? டெஸ்டோஸ்டிரோன் (ஆண் ஹார்மோன்) குறைவு.

சரி, ஊசியில் டெஸ்டோஸ்டிரோன் ஏற்றலாமே? அங்கேதான் பலர் மாட்டுகிறார்கள். வெளியிலிருந்து வந்ததைப் பார்த்து பிட்யூட்டரி தன் இன்னொரு ஹார்மோனான எல்.எச்.சைக் குறைக்கும், அதன் தூண்டுதலில் டெஸ்டோஸ்டிரோன் சுரக்கும் விந்தகத்தின் லேடிக் செல் சும்மா இருந்துவிடும். ரத்தத்தில் அளவு சரியாக இருக்கும், விந்தகத்துக்குள் வறட்சி. அதனால் ரத்தத்தை மட்டும் நம்பாதீர்கள்: ஒரு விந்தகம் பௌவினுக்கு, இன்னொன்று உள் அளவு பார்க்க மைனஸ் 80 ஃப்ரீசருக்கு. பௌவின் பாட்டிலுக்குள் போடும் சீட்டை பென்சிலால் எழுதுங்கள். மார்க்கர் மை ஆல்கஹாலில் கரைந்து, எது எந்தக் குட்டி என்று முழித்த அனுபவமும் எனக்கு உண்டு.