கல்லூரிக் காற்பந்துக் குழுவுக்குப் புதுப் பயிற்றுநரா? முதல் பருவத்தை இப்படித் தொடங்குங்கள்

கோலாலம்பூரில் ஒரு கல்லூரிக் குழுவைப் புதிதாக எடுத்திருக்கிறீர்களா, முதல் வாரமே ஆட்ட முறையை மாற்றாதீர்கள். பழைய கேப்டனோடு உட்கார்ந்து, யார் எந்த இடத்தில் ஆடிப் பழகியவர், யாருக்கு முட்டி வலி, யாருக்கு எப்போது தேர்வு என்று எல்லாம் கேட்டு எழுதிக்கொண்டு, அப்புறம் இரண்டு அணியாகப் பிரித்து ஆடவிட்டுப் பாருங்கள்.

பயிற்சியைக் காலையில் வையுங்கள். ஏப்ரலிலும் அக்டோபர், நவம்பரிலும் மாலையில் இடிமழை அடிக்கடி வரும். இடி கேட்டதுமே திடலைக் காலி செய்யுங்கள், கடைசி இடிக்குப் பிறகு 30 நிமிடம் யாரும் இறங்கக்கூடாது, இதில் பேரமே கிடையாது. புகைமூட்டம் என்றால் உள்ளரங்கம்தான்.

மாற்று ஆட்டக்காரர்களுக்கும் தொடக்கத்திலிருந்தே ஆட நேரம் கொடுங்கள், பாதிப் பருவத்தில் காயங்கள் சேரும்போது அவர்கள்தான் கைகொடுப்பார்கள்.