கண்ணுக்குக் கண்ணாடி, நெஞ்சுக்குத் தோர்த்தா?

மார்த்தாண்டம் பக்கம் மாமாவின் வெல்டிங் பட்டறையில் பள்ளி விடுமுறை நாட்களில் எடுபிடியாக நின்றிருக்கிறேன். ஒருநாள் கண்ணாடி போடாமல் ஒளியைப் பார்த்துவிட்டேன். அன்று ராத்திரி கண்ணில் மணலை அள்ளிப் போட்டதுபோல எரிச்சல். உருளைக்கிழங்கை வட்டமாக நறுக்கி இமைமேல் வைத்துக்கொண்டு விடியும்வரை உட்கார்ந்திருந்தேன். அதற்கப்புறம் கண்ணாடி இல்லாமல் ராடு பக்கமே போனதில்லை. கண் அன்றைக்கே தண்டித்துவிடுவதால் அதற்கு எல்லாரும் பயப்படுகிறோம். நுரையீரல் இருபது வருஷம் வாயைத் திறக்காது. பட்டறைகளில் நடக்கும் தவறுகள் பலவும் இந்த ஒரு வித்தியாசத்தில்தான் தொடங்குகின்றன.

முதலில் தோர்த்து, அதாவது துண்டு. நனைத்து மூக்கைச் சுற்றிக் கட்டினால் புகை வடிகட்டப்படும் என்று நம் ஊரில் நம்பாத வெல்டர் குறைவு. வெல்டிங் புகையில் இருக்கும் உலோகத் துகள்களில் பெரும்பாலானவை 1 மைக்ரானைவிடச் சிறியவை. தலைமுடியின் தடிமனே 50 மைக்ரானுக்கு மேல். தோர்த்தின் இழைகளுக்கு நடுவே அவை தாராளமாக நுழைந்துபோகும். நனைத்தாலும் அதேதான். குறைந்தது என்95 மாஸ்க் வேண்டும், அதுவும் முகத்தோடு ஒட்டி நிற்க வேண்டும். தாடி இருந்தால் ஓரத்தில் காற்று கசியும். இன்னொன்று, என்95 துகளைத்தான் பிடிக்கும். வெல்டிங்கில் உண்டாகும் ஓசோன் போன்ற வாயுக்களைப் பிடிக்காது.

அடுத்தது பழமும் கருப்பட்டியும். வேலை முடிந்ததும் ஒரு பாளையங்கோட்டன் வாழைப்பழம், ஒரு துண்டு கருப்பட்டி, சிலருக்கு ஒரு டம்ளர் பால். “நெஞ்சில இருக்கிற புகையெல்லாம் இறங்கிரும் மக்கா” என்பார் மாமா. சாப்பிட நல்லதுதான், நானும் பங்கு கேட்டு வாங்கியிருக்கிறேன். ஆனால் தின்பது போவது இரைப்பைக்கு, புகை போனது நுரையீரலுக்கு. இரண்டுக்கும் குழாயே வேறு. பால் குடித்தாயிற்று என்ற தைரியத்தில் மாஸ்க்கைக் கழற்றி வைப்பதுதான் இதில் உள்ள கேடு.

நம் கன்னியாகுமரி மாவட்டத்துக்கென்றே ஒரு சிக்கல் உண்டு. குளச்சல், முட்டம், தேங்காப்பட்டணம் என்று கடலோரம் முழுக்க உப்புக்காற்று. சாதா இரும்பு சீக்கிரமே துருப்பிடித்துவிடும். அதனால் கேட், கிரில், கூரை எல்லாவற்றுக்கும் ஜி.ஐ. பைப்பைத்தான் கேட்கிறார்கள். ஜி.ஐ. மேல் இருப்பது துத்தநாகப் பூச்சு. இரும்பு உருக 1,500 டிகிரி தாண்ட வேண்டும். துத்தநாகமோ 907 டிகிரியிலேயே கொதித்து ஆவியாகிவிடும். இரும்பு உருகும் முன்பே பூச்சு புகையாகிறது. ராடு பட்ட இடத்திலிருந்து வெள்ளையாகப் பஞ்சுபோலப் பறக்கிறதே, அதுதான். இதை நாள் முழுக்க இழுத்தால் 4 முதல் 10 மணி நேரத்துக்குள் குளிர் நடுக்கம், உடம்பு வலி, வறட்டு இருமல், நாக்கில் உலோக ருசி எல்லாம் வரும். ஓரிரு நாளில் தானாகவே போய்விடும். மழையில் நனைந்த காய்ச்சல் என்று மாத்திரையை விழுங்கிவிட்டு மறுபடி அதே பைப்பில் உட்காருகிறோம். ஞாயிறு லீவுக்குப் பிறகு திங்களன்று இது கூடுதலாக வரும். வாரக் கடைசியில் உடம்பு பழகிவிட்டதுபோலத் தோன்றும். அந்தப் பழக்கம் லீவு நாள் ஓய்வில் காணாமல் போய்விடும். பற்றவைக்கும் இடத்தில் மட்டும் பூச்சைத் தேய்த்து எடுத்துவிட்டால் புகை நன்றாகவே குறையும். தேய்க்கும்போதும் மாஸ்க் வேண்டும். காய்ச்சலோடு மூச்சுத் திணறலும் கூடிக்கொண்டே போனால் வீட்டில் படுத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். காட்மியம் பூசிய போல்ட், நட்டின் புகை இப்படித்தான் தொடங்கி உயிரையே எடுக்கும்.

எஸ்.எஸ்., அதாவது துருப்பிடிக்காத எஃகுக் கைப்பிடி வேலையில் புகை அவ்வளவாகக் கண்ணுக்குத் தெரியாது, அதனால் அது ‘சுத்தமான வேலை’ என்று பெயர். எஸ்.எஸ்ஸில் குரோமியமும் நிக்கலும் கலந்திருக்கின்றன. சூட்டில் குரோமியத்தின் ஒரு பகுதி ஆறு இணைதிறன் கொண்ட வடிவத்துக்கு மாறுகிறது. அது புற்றுநோய் தரக்கூடியது. சாதா இரும்புக்காரர்களும் நிம்மதிப்பட வேண்டாம். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2017-ல் எல்லா வெல்டிங் புகையையுமே முதல் பிரிவில், அதாவது மனிதருக்குப் புற்றுநோய் தருவது உறுதி என்ற பட்டியலில் சேர்த்துவிட்டது. சிகரெட் புகையும் அதே பட்டியலில்தான் இருக்கிறது. ஆபத்தின் அளவு சமம் என்று அதற்கு அர்த்தமில்லை. ஆனால் பட்டறை வாசலில் நின்று பீடியும் இழுப்பவருக்கு இரண்டும் சேர்ந்தே கணக்கு.

ஃபேனை எங்கே வைக்கிறோம் என்பதும் முக்கியம். முதுகுக்குப் பின்னால் வைத்தால் நெஞ்சுக்கு முன்னால் காற்று சுழன்று, புகையை முகத்துக்கே கொண்டுவரும். பக்கவாட்டில் வைக்க வேண்டும். வாயு வைத்துச் செய்யும் வெல்டிங்கில் காற்று அதிகமானால் பற்று ஓட்டை ஓட்டையாகும் என்பதால், அங்கே புகையை வெளியே இழுக்கும் குழாய்தான் சரி. படகின் அடித்தளத்திலோ தண்ணீர்த் தொட்டிக்குள்ளோ ஒற்றையாக இறங்கி வேலை பார்ப்பது எந்த அவசரத்துக்கும் கூடாது. வெல்டிங்குக்கு விடும் ஆர்கான் போன்ற வாயு அங்கே தேங்கிப் பிராணவாயுவைத் தள்ளிவிட்டால், ஏறி வரக்கூட நேரம் கிடைக்காது.

கடைசியாக, “வளைகுடா மெடிக்கல்ல பாஸாகித்தானே போனேன்” என்று சொல்பவர்கள். அந்தச் சோதனையில் நெஞ்சு எக்ஸ்ரே எடுப்பது முக்கியமாக டி.பி. இருக்கிறதா என்று பார்க்க. மூச்சுக்குழாய் சுருங்கத் தொடங்கியிருந்தாலும் எக்ஸ்ரே சுத்தமாகவே இருக்கலாம். ஒரு குழாயில் பலங்கொண்ட மட்டும் ஊதச் சொல்வார்களே, அந்த ஸ்பைரோமெட்ரி சோதனையில்தான் அது தெரியும். வேலையில் சேரும்போது ஒருமுறை, பிறகு வருஷத்துக்கு ஒருமுறை எடுத்து, பழைய தாளோடு ஒப்பிட வேண்டும். இதற்கு நேர்மாறாகவும் நடக்கும்: இரும்புத் துகள் படிந்த நுரையீரல் எக்ஸ்ரேயில் புள்ளி புள்ளியாகத் தெரிந்து டி.பி.யோ என்று சந்தேகிக்க வைக்கும். ஆசாரிப்பள்ளம் பெரியாஸ்பத்திரிக்குப் போனாலும் தனியாரிடம் போனாலும், “இருமல்” என்று மட்டும் சொல்லிவிட்டு உட்காராதீர்கள். எத்தனை வருஷமாக வெல்டிங், ஜி.ஐ.யா எஸ்.எஸ்ஸா, பீடி உண்டா என்று டாக்டர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள். வெல்டர்களுக்கு நிமோனியா வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம். நிமோகாக்கல் தடுப்பூசி போடலாமா என்றும் அப்போதே கேட்டுவிடலாம்.