பீட்டா-2 ஏற்பியின் படத்தைப் படிப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அட்ரீனலின் வந்து அமர்ந்தால் சுவிட்ச் போட்டதுபோல ஏற்பி இயங்கும், விலகினால் நின்றுவிடும். பீட்டா-2 அட்ரீனலின் ஏற்பியைப் பற்றிப் பலர் மனதில் பதிந்திருக்கும் இந்தக் கணக்கை முதலில் கைவிட வேண்டும். செல் சவ்வை ஏழு சுருள்களால் ஊடுருவி நின்று, வெளியே வரும் அட்ரீனலினின் செய்தியைச் செல்லுக்குள் கடத்தும் இந்தப் புரதம் ஓயாமல் நிலை மாறிக்கொண்டிருக்கிறது. அட்ரீனலின் இல்லாதபோதும் சிறிதளவு சமிக்ஞை போய்க்கொண்டேயிருக்கும். மருந்துகள் இந்த ஊசலாட்டத்தை ஒரு பக்கமாகச் சாய்க்கின்றன, அவ்வளவே. ஆஸ்துமாக்காரர்கள் உறிஞ்சும் சால்பியூட்டமால் ஏற்பியை ஓரளவே தூண்டுகிறது. ஏற்பியைத் தடுக்கும் சில மருந்துகளோ அந்த அடிப்படைச் சமிக்ஞையையும் குறைத்துவிடுகின்றன.

திரையில் தெரிவதெல்லாம் ஏற்பிதான் என்று நம்புவது அடுத்த பிழை. விஞ்ஞானி பிரையன் கோபில்காவும் கூட்டாளிகளும் 2007-இல் வெளியிட்ட புகழ்பெற்ற படிக அமைப்பில் (புரதத்தைப் படிகமாக்கி எக்ஸ் கதிர்களால் கண்டறிந்த முப்பரிமாண வடிவம்), செல்லின் உட்பக்கம் ஓர் உருண்டை துருத்திக்கொண்டிருக்கும். அது டி4 என்ற வைரஸின் லைசோசைம் நொதி. ஏற்பியின் மூன்றாவது உள்வளையம் அலைந்துகொண்டே இருந்து படிகமாவதற்கு இடைஞ்சல் செய்ததால், அதன் பெரும்பகுதியை நீக்கிவிட்டு அந்த இடத்தில் இதைப் பொருத்தினார்கள். சமிக்ஞைக்கு உதவும் உறுப்பென்று இதற்கு விளக்கம் எழுதினால் கேலிக்கூத்தாகிவிடும். மேலும், அந்தப் படத்தில் ஏற்பியின் குழிக்குள் இருப்பது அட்ரீனலின் அல்ல, ஏற்பியைத் தடுக்கும் கராசொலால் என்ற மருந்து. ஆகவே அது ஓய்வு நிலையின் படம்.

தூண்டும் மூலக்கூறு ஒட்டிக்கொண்டாலே ஏற்பி முழுதாகத் திறந்துவிடும் என்பதும் சரியல்ல. எனக்கு மிகவும் பிடித்த சான்று 2011-இல் வந்தது: பிரியவே முடியாதபடி தூண்டியை வேதிப்பிணைப்பால் கட்டிப்போட்டும், படிகத்தில் ஏற்பி ஓய்வு வடிவிலேயே இருந்தது! அதே ஆண்டு, ஏற்பியிடமிருந்து சமிக்ஞையைச் செல்லுக்குள் வாங்கிக்கொள்ளும் ஜி புரதத்துடன் சேர்த்து எடுத்த படத்தில்தான் ஆறாவது சுருளின் உள்முனை ஏறத்தாழ 14 ஆங்ஸ்ட்ராம் (ஓர் ஆங்ஸ்ட்ராம் என்பது மீட்டரில் ஆயிரம் கோடியில் ஒரு பங்கு) வெளியே நகர்ந்திருந்தது. திறந்த வடிவம் நிலைக்க ஜி புரதமும் உள்ளிருந்து முட்டுக்கொடுக்க வேண்டியிருக்கிறது. ஆனால் இதுவும் ஒரு கணத்தின் படமே. அதில் ஜி புரதம் பிடித்துவைத்திருக்கும் GDP என்ற சிறு மூலக்கூறு கழன்றுபோய் அந்த இடம் காலியாக இருக்கிறது. செல்லுக்குள் GTP என்ற வேறொரு மூலக்கூறு உடனே வந்து அதை நிரப்பிவிடும் என்பதால் அந்த நிலை நீடிப்பதில்லை.

சவ்வு படத்தில் இல்லை என்பதற்காக அதை மறந்துவிடவும் கூடாது. 2008-இல் வந்த ஓர் அமைப்பில் இதே ஏற்பியின் பக்கவாட்டில் கொலஸ்ட்ரால் ஒட்டியிருந்தது.

இப்போது புரதங்களின் வடிவத்தைக் கணிக்கும் செயற்கை நுண்ணறிவு மென்பொருளான ஆல்ஃபாஃபோல்டு தரும் வடிவத்தை அப்படியே எடுத்துக்கொள்ளும் பழக்கம் பரவுகிறது. அது காட்டும் உயர்ந்த நம்பிக்கை மதிப்பெண், வடிவம் ஓய்வு நிலையா செயல்நிலையா என்பதைச் சொல்வதில்லை. கணினியில் அந்த வடிவத்துக்குள் மருந்தைப் பொருத்திப் பார்ப்பதற்கு முன் ஆறாவது சுருள் எங்கே நிற்கிறது என்று பாருங்கள்.